சிறுவர் குழிப்பந்தாட்ட மட்டைகள்

சிறுவர் குழிப்பந்தாட்ட மட்டைகள் என்பவை, வளரும் பிள்ளைகளின் உயரத்துக்கும் வலிமைக்கும் ஏற்றவாறு செய்யப்படும் கோல்ஃப் மட்டைகள் ஆகும். இவை பெரியோர் மட்டைகளின் குறுகிய வடிவங்கள் அல்ல. நீளத்தோடு எடை, தண்டின் வளையுந்தன்மை, கைப்பிடியின் பருமன், மட்டைமுகத்தின் சாய்வு ஆகியனவும் இவற்றில் வேறுபடுகின்றன. பொருந்தாத மட்டையோடு பழகும் பிள்ளை, அம்மட்டையைச் சமாளிப்பதற்கான அசைவுகளையே ஆட்டமுறையாகக் கற்றுக்கொள்கின்றது. அவ்வாறு படிந்த பழக்கத்தைப் பின்னாளில் மாற்றுவது கடினம்.

மட்டையின் பகுதிகள்

கோல்ஃப் மட்டைக்குத் தலை, தண்டு, கைப்பிடி என மூன்று பகுதிகள் உண்டு. தலையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு சாய்வுக் கோணம் எனப்படும். இக்கோணம் கூடுதலாக இருந்தால் பந்து எளிதில் மேலெழும். நெடுந்தொலைவு அடிக்க டிரைவர், இடைத் தொலைவுகளுக்கு எண்ணிடப்பட்ட அயர்ன் மட்டைகள், குறுந்தொலைவுக்கும் மணற்குழிக்கும் வெட்ஜ், குழியை நோக்கிப் பந்தை உருட்டப் பட்டர் ஆகியன பயன்படுகின்றன.

வெட்டிக் குறைத்த மட்டைகள்

சிறுவருக்கான மட்டைகள் பரவலாகக் கிடைக்காத காலத்தில், பெற்றோர் தம் பழைய மட்டைகளின் தண்டை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இவ்வழக்கம் இன்றும் உள்ளது. இதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, தண்டு குறைந்தாலும் தலையின் எடை குறைவதில்லை. பெரியோருக்கான டிரைவரின் தலை மட்டும் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். அயர்ன் மட்டைகளின் தலை இதனினும் கனமானது. இரண்டாவது, ஒரே தண்டைக் குறுக்கினால் அது மேலும் விறைப்பாகின்றது. மெதுவாகச் சுழற்றும் பிள்ளைக்கோ எளிதில் வளையும் தண்டே தேவை. மூன்றாவது, பெரியோருக்கான கைப்பிடி சிறு விரல்களுக்குள் அடங்காது.

இதன் விளைவாகப் பிள்ளை மட்டையைத் தூக்க உடலைப் பின்னே சாய்க்கும், கைகளை மடக்கும், அடித்து முடித்ததும் நிலைதடுமாறும். இவற்றைப் பிள்ளையின் தவறுகள் எனத் திருத்த முயலும் பெற்றோர் பலர். காரணம் பெரும்பாலும் கையிலுள்ள கருவியே.

அளவு காணல்

வயதைக் காட்டிலும் உயரமே சரியான அளவுகோல். ஒரே வயதுடைய இரு பிள்ளைகளின் உயரம் ஒரு சாண் அளவுகூட வேறுபடலாம். அமெரிக்காவில் 1996 இல் தொடங்கப்பட்ட யூ.எஸ். கிட்ஸ் கோல்ஃப் நிறுவனம், உயரத்தை 3 அங்குலப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் தனித்தனித் தொகுதி வெளியிடுகின்றது.

பள்ளிப்பருவப் பிள்ளை பூப்புக்கு முன் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வரை வளர்வது இயல்பு. எனவே ஏறத்தாழ 7.6 செ.மீ. கொண்ட ஒரு படி, ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரையே பொருந்தும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று மிகப் பெரிய மட்டையை வாங்குவது பலன் தராது. ஓரிரு அங்குலம் கூடுதலாயின் கைப்பிடியைச் சற்றுக் கீழே பிடித்து ஆடலாம். அதற்கு மேற்பட்டால் மிஞ்சும் நுனி வயிற்றில் இடிக்கும். செலவைக் குறைக்க, பிறர் பயன்படுத்திய சிறுவர் மட்டைகளை வாங்குவதும், அளவு கடந்தவற்றை விற்றுவிடுவதும் ஏற்ற வழிகளாகும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளை பலமுறை மட்டையை முழுமையாகச் சுழற்றியபின், ஒவ்வொரு முறையும் சில நொடிகள் அசையாது நிற்க முடிந்தால் எடை பொருத்தமானது. முடியாவிட்டால் இலகுவான மட்டை தேவை.

எத்தனை மட்டைகள்

ஆட்ட விதிகளின்படி ஒரு சுற்றில் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம். தொடங்கும் பிள்ளைக்கு ஓர் அயர்ன், ஒரு பட்டர், சாய்வு மிகுந்த முகமுடைய ஒரு மர வகை மட்டை ஆகிய மூன்றே போதும். 7 ஆம், 9 ஆம் எண் அயர்ன்களும் ஒரு வெட்ஜும் பின்னர் சேரலாம். ஐந்து முதன்மைப் போட்டிகளை வென்ற எசுப்பானிய வீரர் செவே பாயெஸ்டெரோஸ் (1957–2011), சிறுவயதில் 3 ஆம் எண் அயர்ன் ஒன்றை மட்டும் கொண்டு தம் ஊரான பெத்ரேஞாவின் கடற்கரையில் பழகியவர்.

வலக்கையா, இடக்கையா

எழுதும் கையைக் கொண்டு மட்டையின் பக்கத்தை முடிவு செய்தல் கூடாது. அமெரிக்க வீரர் பில் மிக்கெல்சன் பிற செயல்களில் வலக்கையர். எதிரே நின்ற தந்தையைப் பார்த்துப் பழகியதால் இடக்கை ஆட்டக்காரரானார். இருவகை மட்டைகளையும் கொடுத்து, பிள்ளை இயல்பாகச் சுழற்றும் பக்கத்தைக் கவனித்தல் நன்று.

பாதுகாப்பு

சிறுவரிடையே நிகழும் கோல்ஃப் காயங்களில், அருகில் நின்ற பிள்ளையின் தலையில் மட்டை படுவது குறிப்பிடத்தக்கது. இதனால் மண்டையோட்டு முறிவும் ஏற்பட்டுள்ளது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நெகிழி மட்டையும் மென்பந்தும் தருவது பாதுகாப்பானது. உலோக மட்டை வந்தபின், ஒருவர் சுழற்றும்போது மற்றவர் பல அடி விலகி நிற்றல், பெரியவர் உடனிருத்தல் ஆகிய இரண்டும் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டியவை.