மலைப்பாதையில் தலை எண்ணும் சென்சார்

காரியாபட்டியிலிருந்து மேற்கே போகப் போகக் கரிசல் காடு முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழுகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அங்கேதான். சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறையிலிருந்து பக்தர்கள் ஏறும் பாதையும் அந்தக் காட்டுக்குள்தான் போகிறது. 2015 மே மாதம் அங்குள்ள ஓடையில் திடீரென வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட மலையில், மேலே எத்தனை பேர் என்பது உயிர் காக்கும் கணக்கு. எந்த விலங்கு எப்போது பாதையைக் கடக்கிறது என்பதும் அப்படியே.

இதற்கு உதவுவது அகச்சிவப்பு சென்சார். சூடான உடல் எதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. சென்சாருக்குள் இருக்கும் படிகம், வெப்பம் மாறினால் மின்னழுத்தம் தரும். அதன் இரு பாதிகளில் ஒன்றின் மீது முதலில், மற்றதன் மீது அடுத்து வெப்பம் பட்டால் ஒரு துடிப்பு பிறக்கும். ஒரு எண் கூடும். ஆள் வந்ததும் எரியும் விளக்குகளில் இருப்பதும் இதே சென்சார்தான். இன்னொரு வகை, பாதையின் குறுக்கே கதிரைப் பாய்ச்சி, அது தடைபடும்போதெல்லாம் எண்ணும்.

இரண்டுக்கும் குறை உண்டு. இருவர் ஒட்டி நடந்தால் ஒருவராகவே பதியும். முதல் வகைக்கு வேறு சிக்கல்களும் உண்டு. சித்திரை வெயிலில் பாறையும் உடல் அளவுக்குச் சூடேறிவிட்டால், கடந்துபோகும் உடல் தனியாகத் தெரியாது. மாறாக, வெயிலில் சூடேறிய இலை ஆடினாலும் எண் கூடும். சுற்றுப்புறத்தின் வெப்பநிலையிலேயே இருக்கும் பாம்பு பெரும்பாலும் கணக்கில் வராது. அதனால் நிழலான இடம் பார்த்து, முன்னால் உள்ள புல்லை வெட்டிவிட்டுத்தான் கருவியைப் பொருத்த வேண்டும்.

நாடு தழுவிய 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில், சென்சார் இயக்கும் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த சுமார் 3.49 கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. ஏதோ கடந்தது என்பதைத்தான் சென்சார் சொன்னது. உடல் வரியை ஒப்பிட்டு எந்தப் புலி என்று சொன்னது ஆய்வு. புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால் பாதையின் இருபுறமும் கேமரா வைக்கிறார்கள்.

மனிதர்களை எண்ணும்போதும் இந்தச் சரிபார்ப்பு தேவை. பாதையோரம் ஒருவர் அமர்ந்து கையால் எண்ணுகிறார். அவர் 120 என்னும்போது கருவி 100 காட்டினால், கருவியின் எண்ணை 1.2ஆல் பெருக்க வேண்டும். கூட்டம் நெருங்கும் ஆடி அமாவாசைக்கு ஒரு விகிதம், ஆள் குறைந்த நாளுக்கு வேறு விகிதம். எனவே கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே, அருகில் அமர்ந்து எண்ணும் வேட்டைத் தடுப்புக் காவலரின் நேரத்துக்கும் கூலி ஒதுக்க வேண்டும். அந்த உழைப்பு சேர்ந்தால்தான் கருவி காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியும்.