பகையின்றி நிகழும் கொலை

கொலை என்ற சொல்லைக் கேட்டதும் பகை, வஞ்சம், சதி என்பனவே நேயர்களின் நினைவுக்கு வரும். எவர்மீதும் பகையில்லாத ஒருவன் கொலைகாரனாக முடியுமா? முடியும் என்கிறது இலங்கைச் சட்டம்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 294ஆம் பிரிவில், கொலையை நான்கு வகையாக வகுக்கிறது. முதல் மூன்றும் கொல்லும் எண்ணத்தையோ காயப்படுத்தும் எண்ணத்தையோ பற்றியவை. நான்காவதற்கு அவ்வெண்ணம் வேண்டியதில்லை, அறிவே போதும். காரணமின்றிக் கூட்டத்தை நோக்கிப் பீரங்கியால் சுட்டு ஒருவரைக் கொன்றவன், இன்னாரைக் கொல்வதென்று முன்னரே கருதியிராவிடினும் கொலையாளியே என்பது சட்டமே தரும் உதாரணம். அமெரிக்காவில் 1962இல் வகுக்கப்பட்ட மாதிரித் தண்டனைக்கோவை, இதற்கு நெருங்கிய கருத்தை, மனித உயிரின் மதிப்பைக் கடுமையாக அலட்சியம் செய்தல் என்று குறித்தது.

செயலால் மரணம் நேர்ந்தது என்பதோடு, வழக்குத் தொடுநர் மூன்று கூறுகளை மெய்ப்பிக்க வேண்டும். ஒன்று, அச்செயல் மரணத்தையோ மரணம் விளைவிக்கத்தக்க காயத்தையோ பெரும்பாலும் உண்டாக்கியே தீரும் அளவுக்கு ஆபத்தானது. இரண்டு, செய்தவன் அதனை உண்மையில் அறிந்திருந்தான். மூன்று, அந்த ஆபத்தை உண்டாக்க அவனுக்கு நியாயம் எதுவும் இல்லை.

வன்னியின் காட்டோரக் கிராமங்களில் இதன் பொருளை எளிதில் காணலாம். பன்றிக்காகச் சிலர் கட்டுத்துவக்கு வைப்பதுண்டு. கம்பியில் கால் தட்டினால் துவக்கு வெடிக்கும். வந்தது பன்றியா, விறகுக்குப் போன மனிதரா என்று அது பார்ப்பதில்லை.

அதனால் ஒருவர் இறந்தால் குற்றம் யாது? ஆள் நடமாட்டம் அரிதான இடத்தில் முன்பின் பாராமல் வைத்திருப்பின், கவலையீனத்தால் மரணம் விளைவித்ததாகக் கொள்ளப்படலாம்; 298ஆம் பிரிவின்படி அதற்கு உச்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே வைத்திருப்பின், அது கொலையாகாத மனிதக்கொலையாக உயரலாம். அறிவு மட்டுமே இருந்த நிலையில் 10 ஆண்டுவரை சிறை. பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை என்று தெரிந்தே குறுக்கே கட்டியிருந்தால், நான்காம் வகைக் கொலையென வாதிட இடமுண்டு. கொலைக்கு விதிக்கப்படுவது மரண தண்டனை; 1976க்குப் பின் இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை.

"பன்றிக்குத்தானே வைத்தேன்" என்பது விடையாகுமா? பீகாரில் ஒருவர் தம் கழிப்பறைக்கு அயலார் வராதிருக்க மின்கம்பி பொருத்தியதால் ஒரு பெண் இறந்தார். அத்துமீறி நுழைந்தவருக்கும் மரணப்பொறி வைக்க எவருக்கும் உரிமையில்லை என்றே இந்திய உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆயினும் அங்கு நிலைத்த குற்றம், முன்பின் பாராத செயலால் மரணம் விளைவித்தமையே. மனைவிமீது மண்ணெண்ணெய் ஊற்றித் தீயிட்டவன் வழக்கிலோ, அதே நீதிமன்றம் நான்காம் வகைக் கொலையைக் கண்டது. இவ்விரு தீர்ப்புகளும் 1960களில் எழுந்தவை. இரண்டிலும் உயிர் போனது. வேறுபட்டது, செயலின் ஆபத்தும் செய்தவனின் அறிவுமே.

பயிரைக் காப்பது கமக்காரரின் நியாயமான தேவை. ஆனால் கம்பியை இழுத்துக் கட்டும் கை, அவ்வழியால் நாளை வருபவர் யாரென்று ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். அந்தக் கேள்வியையே பின்னர் நீதிமன்றமும் கேட்கும்.