கையெழுத்துப் போடுமுன் பாலிசியைப் பாருங்கள்!

கார் இன்ஷூரன்ஸ் என்றாலே ஆண்கள் பார்த்துக் கொள்ளும் சமாச்சாரம் என்று பாலிசியை பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறோம். அந்தக் காகிதத்தில் இருந்த ஒரே ஒரு எண், எங்கள் குடும்பத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மீட்டுத் தந்தது.

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இங்கே மாமனாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதற்காகவே வைத்திருந்த காரை, 2023-ல் ஒருநாள் வீட்டெதிரே ஓரமாக நிறுத்தியிருந்தபோது ஒரு லாரி மோதி அப்பளமாக நொறுக்கிவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

தப்பு லாரிக்காரர் மேல்தான். ஆனால், அந்த லாரியின் இன்ஷூரன்ஸில் பணம் கேட்க விபத்து நஷ்டஈட்டு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதற்கு நாளாகும். எங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து பாலிசி இருந்ததால், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே கேட்டோம்.

சர்வேயர் வந்து பார்த்து, ரிப்பேர் செலவு 3,60,000 ரூபாய் என்று எழுதினார். கம்பெனிக்காரரோ, "ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லைம்மா. இன்னிக்கு மார்க்கெட்ல இந்த வண்டி 3,10,000-க்கு மேல போகாது. வவுச்சர்ல கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். கொழுந்தனாரும், "வந்தவரைக்கும் லாபம் அண்ணி, போட்டுடுங்க" என்றார்.

வவுச்சரில், 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பாக்கியைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? "படிச்சுட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பாலிசியை வரி விடாமல் படித்தேன். 'ஐ.டி.வி.' என்று 4,20,000 ரூபாய் போட்டிருந்தது. பாலிசி எடுக்கும்போது வண்டிக்கு நிர்ணயிக்கும் மதிப்புதான் இது. ரிப்பேர் செலவு இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழு நஷ்டம் என்று கணக்கு. எங்களுக்கு 75 சதவீதம் என்பது 3,15,000, செலவோ 3,60,000. அப்படி முழு நஷ்டமானால், பாலிசி காலம் முடியும்வரை ஐ.டி.வி.தான் மார்க்கெட் மதிப்பு. மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக்கூடாது என்றும் அதிலேயே அச்சடித்திருந்தது!

சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அந்த விதியைக் குறிப்பிட்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒரு மாதமாகியும் பதிலில்லை. சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். இதற்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

விசாரணைக்கு நாள் குறிக்கும் முன்பே கம்பெனி இறங்கி வந்தது. நாம் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 ரூபாய் போக, 4,19,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. நொறுங்கிய வண்டியை அவர்களே எடுத்துக் கொண்டார்கள். அதுவரை ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்த மாமனாருக்கு, அந்தப் பணத்தில் நல்லதாக ஒரு பழைய கார் வாங்கிவிட்டோம்.

தோழிகளே, ஒவ்வொரு வருஷமும் பாலிசி புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. எவ்வளவு என்று பாருங்கள். பிரீமியம் கொஞ்சம் குறையுமே என்று அதைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். 'முழுத் தீர்வு' என்று எழுதிய காகிதத்தை யார் நீட்டினாலும், கணக்குப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.