முப்பத்தைந்து வயதுக்கு மேல் டீச்சர் ஆக முடியுமா?



மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம், வட்டிக் கணக்கு எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் சில முக்கியமான கேள்விகள் வெளியே வரும். கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூச்சம். செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள். அப்படி எங்கள் களப்பணியாளர்களிடம் பல ஊர்களில் வந்த கேள்வி இது: "மேடம், நான் பத்தாவது பாஸ். பன்னெண்டாவது பாதியிலேயே கல்யாணம் ஆயிடுச்சு. இப்ப புள்ளைங்க பெரிசாயிட்டாங்க. இனிமே படிச்சு டீச்சர் ஆக முடியுமா?"

இந்த ஆசை சும்மா வந்ததில்லை. 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, நம் உறுப்பினர்கள் பலர் தன்னார்வலர்களாகச் சேர்ந்து சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. காசு பெரிதில்லை. "எனக்கும் சொல்லிக் கொடுக்க வருது" என்று தெரிந்ததுதான் பெரிது. தெருவில் போகும்போது பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டதை மறக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் நிறைய.

கேள்விக்குப் பதில்: முடியும். ஆனால் நம் பெண்கள் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. எல்லாரும் வயசை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் கதவை மூடுவது பெரும்பாலும் சான்றிதழ்களின் வரிசைதான்.

வயசு விஷயத்தை முதலில் முடித்து விடுவோம். அரசுப் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்குத் தமிழ்நாட்டில் 2020-ல் பொதுப்பிரிவுக்கு 40, மற்றப் பிரிவினருக்கு 45 என்று வரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு வந்தது. 2023-ல் அதை 53, 58 என்று உயர்த்தினார்கள். முப்பத்தெட்டு வயதில் படிக்க ஆரம்பிக்கிறவர் நாற்பத்தைந்தில் முடித்தாலும் விண்ணப்பம் போட இடம் இருக்கிறது. பி.எட். சேர்வதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சிக்கு மட்டும் சேர்க்கை அறிவிப்பில் வயது வரம்பு போடுவார்கள், கைம்பெண்களுக்குத் தளர்வும் கொடுப்பார்கள். அந்த வருட அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயது வந்த பெண்ணைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்குவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்து, அவர்களில் பலரை ஆசிரியைகளாக ஆக்கினார். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகவும் இருந்தார். துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், பள்ளிப் படிப்பை விட்ட பெண்களுக்காக 1958-ல் சுருக்கப் பாடத்திட்டம் கொண்டு வந்தது. கிராமத்துக்கு ஆசிரியையும் செவிலியரும் வேண்டும், அதற்குப் படித்த பெண்கள் போதவில்லை, அதனால் விட்ட இடத்திலிருந்து படிக்க வைப்போம் என்பதே அதன் நோக்கம். "இந்த வயசுல என்னடி படிப்பு" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படிக்கட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது

இனி முக்கியமான விஷயம். டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரொட்டி பார்த்திருப்பீர்கள்: "பத்தாவது பெயிலா? நேரடியாக டிகிரி!" இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். ஒரு உறுப்பினர் பிளஸ் டூ எழுதாமலேயே திறந்தநிலை முறையில் பட்டம் வாங்கினார். குழுக் கடனும் வாங்கி, கம்மலையும் அடகு வைத்துத்தான் பணம் கட்டினார். பட்டம் வந்தது. பட்டமளிப்பு போட்டோவும் வீட்டில் மாட்டியாச்சு. பி.எட். விண்ணப்பத்தோடு போனபோது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அக்கா படிக்காமல் பட்டம் வாங்கவில்லை. ராத்திரி கண் விழித்துப் படித்து, எழுதித்தான் பாஸ் செய்தார். ஆனாலும் அந்தப் பட்டம் இந்த வேலைக்கு உதவவில்லை.

ஏன் இப்படி? தமிழக அரசு 2009-ல் போட்ட அரசாணை 107-ன்படி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். பி.எட். சேர்க்கையிலும் இதே வரிசையைத்தான் பார்க்கிறார்கள். இதில் ஒரு குழப்பம் வரும், தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது தப்பே இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. பத்தும் பிளஸ் டூவும் முடித்து, அதற்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்த படிப்பில் மூன்று வருடப் பட்டம் படித்தால் சரி. நடுவில் ஒரு படியை விட்டுக் குதிப்பதுதான் தப்பு.

ஆகவே பத்தாவது பாஸ் ஆனவர்கள் முதலில் பிளஸ் டூவை முடியுங்கள். தனித்தேர்வராக எழுதலாம். மேல்நிலைத் தேர்வு விதிமுறை சமீபத்தில் மாறியிருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018-ல் வந்தது, 2025-26 முதல் அதை எடுத்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதனால் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்காமல், உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் விசாரியுங்கள். எட்டாவதோடு நின்றவர்கள் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், ஒழுங்காகப் போகவும் வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போதுதான் இது தெரிய வந்து, ஒரு வருடம் வீணாய்ப் போனவர்கள் உண்டு.

எந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறீங்க?

இதை முதலிலேயே முடிவு பண்ண வேண்டும், ஏனென்றால் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி. பிளஸ் டூவில் பொதுவாக 50 சதவீதம் மார்க் கேட்பார்கள், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அதனால் "பாஸ் ஆனால் போதும்" என்று எழுதாதீர்கள். அரசு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் கட்டணம் குறைவு. ஆறாவதுக்கு மேல் என்றால் பட்டமும் பி.எட்.டும் வேண்டும்.

முன்பெல்லாம் பி.எட். இருந்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பி.எட். படித்தவர்கள் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு இருக்கத்தான் ஆசை என்றால் பி.எட். உங்கள் வழி இல்லை.

பட்டம் படிக்கிறவர்கள் பாடத்தைப் பார்த்து எடுங்கள். நம் குழுப் பெண்களில் நிறையப் பேர் பி.காம். எடுக்கிறார்கள். குழுக் கணக்கு எழுதி எழுதி கணக்குப்பதிவு கைவந்த கலை ஆயிற்றே! ஆனால் வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் நம் மாநிலத்தில் பி.எட். சேர முதுகலையும் முடிக்க வேண்டும். அது இரண்டு வருடம் கூடுதல். தமிழ், ஆங்கிலம், வரலாறு போன்ற பள்ளிப் பாடங்களுக்கு இளங்கலை போதும். தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்குச் செய்முறைத் தேர்வு உள்ள பாடப்பிரிவுகள் வழக்கமாகக் கிடைக்காது. அதனால் அறிவியல் டீச்சர் கனவை விட, தமிழ் அல்லது வரலாறு டீச்சர் கனவு கைக்கு எட்டக்கூடியது.

பி.எட். தபாலில் வராது

வீட்டில் இருந்தபடியே பி.எட். முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. மற்றவர்கள் தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். 2015-லிருந்து அது இரண்டு வருடம். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். "வந்தா போதும், வராட்டியும் பரவாயில்ல" என்று சொல்லிப் பணம் கேட்கும் இடம் எதுவானாலும் அங்கே போகாதீர்கள்.

எங்கள் அனுபவத்தில் பெண்கள் நிற்பது பரீட்சையில் இல்லை, இந்த இரண்டு வருடத்தில்தான். பிளஸ் டூவும் பட்டமும் சமையல் வேலைக்கு நடுவே படித்துவிடுவார்கள். பி.எட். வந்ததும் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். ஆட்டை யார் ஓட்டிப் போவது? மாமியாருக்கு மதியச் சாப்பாடு? நூறு நாள் வேலைக் கூலி போச்சே? இதையெல்லாம் சேர்க்கைக்கு முன்பே வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசுங்கள். சேர்ந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். ஒரு ஊரில் குழுவே முறை வைத்து, படிக்கிற தங்கச்சியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். தீர்மான நோட்டில் அதையும் எழுதி வைத்தார்கள். கடனுக்கு மட்டுமா தீர்மானம்?

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது முடித்தவருக்கு, பிளஸ் டூவுக்கு இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டால், பட்டயப் பயிற்சி வழி நான்கு வருடம், பி.எட். வழி ஏழு வருடம். ஏழு வருடச் செலவுக்கும் சேர்த்து முதல் நாளே கடன் வாங்காதீர்கள். குழுவில் சங்கக் கடன் வாங்கினால் அந்த வருடக் கட்டணத்துக்கு மட்டும் வாங்கி, ரசீதைக் கூட்டத்தில் காட்டுங்கள். ரசீது தராத இடத்துக்குக் குழுப் பணம் போகக் கூடாது. அரசு, அரசு உதவி பெறும் கல்வியியல் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, கிடைக்காவிட்டால்தான் தனியாரைப் பாருங்கள்.

படித்து முடித்ததும் வேலை வந்துவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், எழுதியாக வேண்டும். முதல் தாள் ஐந்தாவது வரைக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரைக்கும். 150 கேள்விகள். ஒரு தடவை பாஸ் செய்தால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் மாற்றினார்கள். அதை மட்டும் வைத்து அரசுப் பள்ளியில் வேலை கிடைக்காது. 2018 அரசாணைப்படி ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். போட்டி ரொம்பக் கடுமை. தனியார் பள்ளியில் வேலை சீக்கிரம் கிடைக்கும், சம்பளம் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பெண்களுக்கான இடங்களில் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. தகுதி உள்ளவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

கடைசியாக இனிஷியல் பிரச்சினை. பத்தாவது சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். கல்யாணம் ஆனதால் பள்ளிச் சான்றிதழை மாற்ற வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. இனிஷியல் வேறுபாட்டுக்கு என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதைச் சேரப் போகும் கல்லூரியில் முன்பே கேட்டு வையுங்கள். மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் படித்த பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். நகல் வாங்க நாளாகும்.

படிக்க நினைக்கும் உறுப்பினர்கள் கடைசியாகப் பாஸ் செய்த வகுப்பின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் ஜெராக்ஸோடு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்களுக்கு எந்தப் படி மிச்சம் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். எங்கேயாவது பணம் கட்டச் சொல்லியிருந்தால், கட்டுவதற்கு முன்னாலேயே அந்த நோட்டீஸையும் கையோடு எடுத்து வாருங்கள்.