முட்பூண்டும் இறைவனின் பந்தியும்



விவிலியத்தின் முதற் பக்கங்களிலேயே முள் முளைத்துவிடுகின்றது. மனிதன் பாவத்தில் வீழ்ந்தபின் நிலம் அவனுக்கு முட்செடியையும் முட்பூண்டையும் விளைவிக்கும் எனத் தொடக்க நூல் (3:18) கூறுகின்றது. தாம் பிறர் நிலத்தை அநியாயமாய் அனுபவித்திருந்தால் கோதுமைக்குப் பதிலாகத் தம் வயலில் முள்ளே முளைக்கட்டும் என நேர்மையாளரான யோபு (31:40) தம்மீதே ஆணையிடுகின்றார். முட்பூண்டில் அத்திப்பழம் பறிக்க எவராலும் இயலுமா என மலைப்பொழிவிலே நம் ஆண்டவர் (மத் 7:16) வினவுகின்றார். ஆக, விவிலிய நாட்டு உழவனுக்கு முட்பூண்டு என்றாலே உழைப்பின் தோல்வியும் உள்ளத்தின் கசப்புமாகும்.

ஆங்கிலேயர் 'திசில்' என அழைக்கும் இப்பூண்டை நம் வயல்களில் காண்பது அரிது. நம் பாதங்கள் அறிந்தவை நெருஞ்சியும் தொட்டாற்சுருங்கியும் நாகதாளியுமே. திசிலோ கலிலேயாவிலும் மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் ஐரோப்பா எங்கணும் வயலோரங்களில் தழைப்பது. ஆளுயரம் வளரும் வகைகளும் அதில் உண்டு. இலையிலும் தண்டிலும் கூரிய முட்கள். உச்சியிலோ ஊதா நிறத்தில் கண்ணைக் கவரும் மலர்.

இவற்றுள் ஊர்ந்து பரவும் ஒரு வகையே உழவனைப் பெரிதும் வருத்துவது. மண்ணுக்கடியில் அதன் வேர் ஒரே பருவத்திற் பல மீற்றர் தூரம் ஓடும். சினங்கொண்டு கலப்பையால் அதனை வெட்டினால் வேர் துண்டு துண்டாகும்; ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாய் எழும். ஒன்றை அழிக்கச் சென்றவன் நூற்றைக் காண்பான். பிரித்தானியாவில் 1959ஆம் ஆண்டின் களைச் சட்டம் தீங்கு விளைக்கும் ஐந்து களைகளைப் பெயர் குறித்துப் பட்டியலிட்டது. அவற்றுள் இரண்டு முட்பூண்டு வகைகளே. எனவே, முள்ளினால் உழவன் படும் துயரத்தை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

ஆயினும், அன்புக்குரியவர்களே, அதே முட்பூண்டின் அருகில் சற்று நேரம் அமைதியாக நின்று பாருங்கள்.

மாடும் ஆடும் முகஞ்சுளித்து ஒதுங்கும் அச்செடியைக் கழுதை விரும்பி மென்று தின்னும். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளை நாம் எத்தனை முறை கல்லெறிந்து துரத்தியிருப்போம்! அந்த எளிய விலங்கின்மேல்தான் அமைதியின் அரசர் எருசலேமுக்குள் நுழைந்தார் என்பதை மறந்துவிடுகின்றோம். வெள்ளாடோ முட்பூண்டின் மலர்த் தலையைத் தேடிக் கடிக்கும். விதை முற்றுமுன் மலர் போய்விடுவதால் முள் பரவுவது குறையும். இதனை அறிந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகள் களையைக் கட்டுப்படுத்தவே வெள்ளாடுகளை மேயவிடுவதுண்டு.

முட்பூண்டின் விதையை நம்பி வாழும் சிறு குருவியொன்றும் ஐரோப்பாவில் உண்டு. பொன் நிறக் கோடு சிறகிலும் செந்நிறம் முகத்திலும் கொண்ட அக்குருவியின் இலத்தீன் பெயரே முட்பூண்டு என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். ஆண்டவரின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்க முனைந்தபோது அவரது திருஇரத்தம் தெறித்தே அதன் முகம் சிவந்தது என்பது பழங்காலக் கிறிஸ்தவர் சொல்லிவந்த கதை. ஓவியர் ரபாயேல் 1506ஆம் ஆண்டையொட்டி வரைந்த அன்னை மரியின் ஓவியமொன்றில், சிறுவர் திருமுழுக்கு யோவான் இக்குருவியைக் குழந்தை இயேசுவிடம் நீட்டுகின்றார். புளோரன்சு நகரில் இன்றும் அதனைக் காணலாம். முள்ளைத் தின்று வாழும் குருவி, முள்ளைச் சுமக்கவிருந்த குழந்தையின் கையருகே!

முட்பூண்டின் இலையைத் தின்று வளரும் புழுவொன்று வண்ணத்துப்பூச்சியாகி, ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமிடையே கடலையும் பாலைவனத்தையும் கடந்து பறக்கின்றது. அந்த இனம் நம் இலங்கைத் தீவிலும் உண்டு. மற்றொரு முட்பூண்டின் பச்சை இலைகளில் பால் சிந்தியது போன்ற வெண்ணிற வரிகள் ஓடும். அவை அன்னை மரியின் பால் துளிகள் பட்டு உண்டானவை என நம் முன்னோர் நம்பியதால், தாவரவியலாரும் அதற்கு மரியாவின் பெயரையே சூட்டியுள்ளனர்.

சாபத்தின் அடையாளமாய் நாம் கண்ட செடியை இறைவன் தம் சிற்றுயிர்களுக்குப் பந்தியாக விரித்து வைத்திருக்கிறார். என்னே அவரது பரிவு!

இன்னொரு நிகழ்வையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஐரோப்பாவிலிருந்து சென்று வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்த ஒருவகை முட்பூண்டை ஒழிக்க, அதன் விதையைத் தின்னும் சிறு கூன்வண்டை 1968இல் கனடாவிலும் 1969இல் ஐக்கிய அமெரிக்காவிலும் விடுவித்தனர். வண்டு தன் வேலையைச் செய்தது. ஆனால் அதனோடு நிற்கவில்லை. எத்தீங்கும் செய்யாத அந்நாட்டுச் சொந்த முட்பூண்டுகளின் விதைகளையும் தின்னத் தொடங்கியது. இதனை ஆய்வாளர் 1997இல் எடுத்துரைத்தனர். வயலில் விதைக்கப்பட்ட களைகளைப் பற்றிய உவமையில் (மத் 13:24-30), களையைப் பிடுங்க விரைந்த பணியாளரை வீட்டுத் தலைவர் தடுத்தது ஏன் என்பது இப்போது நமக்கு விளங்குகின்றதல்லவா? அவ்வுவமையின் களை முட்பூண்டன்று, கோதுமையை ஒத்த வேறொரு புல். ஆயினும் எச்சரிக்கை ஒன்றே. அழிக்க விரையும் கைக்கு எதை அழிக்கின்றோம் என்பது முழுமையாகத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கொன்றில் ஒரு மாலை வேளை கமக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மூத்த மகன் மதுவுக்கு அடிமை. வீட்டிலிருந்த பணம் போயிற்று. தாயின் நகை போயிற்று. இளையவர்களின் படிப்பும் குலைந்தது. "சுவாமி, அவன் என்ரை வீட்டிலை முளைச்ச முள்ளு. வெட்டி எறிஞ்சாத்தான் மற்றப் பிள்ளையள் தப்பும்" என்றார். நான் ஊதாரி மைந்தனின் உவமையைக் கூறினேன். அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். அவரது வயலின் துயரை நான் கேட்காமலே போதித்துவிட்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அடுத்த வாரம் அவ்வீட்டில் நோயாளியாய்க் கிடந்த அப்பாச்சிக்கு நற்கருணை கொண்டு சென்றேன். பார்வையிழந்த அம்மூதாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு, "சுவாமி, அவன் குடிச்சாலும் ராவிலை வந்து எனக்குச் சோறு தீத்தாமல் படுக்கமாட்டான். அவனைக் கலைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். வாசலில் நின்ற தந்தை தலைகுனிந்தார். தம் மகன் அவ்வாறு செய்வதை அவர் அறிந்திருக்கவில்லை. எல்லோரும் ஒதுங்கிய முட்செடியில் ஓர் உயிர் தன் உணவைக் கண்டிருந்தது.

அதன்பின் மகன் ஒரே இரவில் மாறிவிட்டான் என எழுத எனக்கு ஆசைதான். அவ்வாறு நிகழவில்லை. அவன் சிகிச்சைக்குச் சென்றான், திரும்பி வந்தான், மீண்டும் விழுந்தான், மறுபடியும் சென்றான். ஆனால் தந்தை ஒன்றைக் கற்றுக்கொண்டார். வீட்டுப் பணத்தைப் பூட்டி வைத்தார். மகனின் கடனை அடைப்பதை நிறுத்தினார். இளையவர்களைப் படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டார். வாசற்கதவை மட்டும் அவர் அடைக்கவில்லை. வெள்ளாடு செய்வதும் இதுவன்றோ? அது முட்பூண்டின் வேரைத் துண்டாடுவதில்லை. தீமை விதையாகிப் பரவுமுன் அதன் தலையைக் கொய்துவிடுகின்றது.

பொறுமை என்பது தீமைக்குக் கண்மூடுவதன்று. அடிபடும் மனைவியையும் அஞ்சி நடுங்கும் குழந்தையையும் பாதுகாப்பது கிறிஸ்தவ அன்பின் முதற் கடமை. எனினும், தீமையைத் தடுப்பது வேறு. தீமை செய்தவனை இனி எவருக்கும் பயன்படாதவன் எனத் தீர்ப்பிடுவது வேறு. அறுவடை நாளின் தீர்ப்பு நம்முடையதன்று.

வாசகர்களே, உங்கள் குடும்பத்திலும் ஒரு முள் இருக்கக்கூடும். பேச்சை நிறுத்திய சகோதரன், எடுத்தெறிந்து பேசும் மருமகள், சொல் கேளாத பிள்ளை. இன்றிரவு செபமாலைக்கு முழந்தாளிடுகையில் அவர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்து உணவு பெறும் உயிர் எது என இறைவனிடம் கேளுங்கள். அவர் காட்டுவார்.

முள்முடி சூடியவரே, நாங்கள் வெட்டி எறிய நினைப்பதை உமது கண்களால் காண எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.