பாலசமுத்திரத்து அப்பத்தாவின் 12 ஆண்டு ஆசை

பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். ஊருக்கு அருகே பாலாறு-பொருந்தலாறு அணை. அணைக்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது பழனி மலைத்தொடர்.

அந்த மலையின் மேலேதான் கோடைக்கானல். கீழே வெயில் கொளுத்தும். மேலே கம்பளி போர்த்திக்கொண்டு திரிவார்கள். இரண்டுக்கும் நடுவே 64 கிலோமீட்டர் மலைப்பாதை. அவ்வளவுதான்!

எங்கிருந்தெல்லாமோ மக்கள் கோடைக்கானலுக்கு வருகிறார்கள். ஆனால் மலை அடிவாரத்திலேயே 78 ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு முறை கூட மலை ஏறாத ஒருவர் பாலசமுத்திரத்தில் இருந்தார்.

அவர் வேறு யாரும் அல்ல. என் அப்பத்தாதான்!

ஆசை டப்பா

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதற்கு "ஆசை டப்பா" என்று பெயர் வைத்தவள் என் மகள். அவளுக்கு வயது பத்து.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊருக்குப் போவோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் திண்ணையில் உட்காருவோம். ஆளுக்கு ஓர் ஆசையைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுப்போம். யாருடைய சீட்டு வருகிறதோ, அந்த ஆசையை அடுத்த மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதுதான் சட்டம்.

ஒரு முறை ஆறு வயது மகனின் சீட்டு வந்தது. "யானை வளர்க்க வேண்டும்" என்று இருந்தது. மண் யானை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

இன்னொரு முறை என் மனைவியின் சீட்டு வந்தது. "ஒரு நாளாவது யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அந்த நாளும் வந்தது. நான் சமையல் செய்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. காலை ஆறரை மணிக்கு அவளே எழுந்து வந்துவிட்டாள். "நீங்கள் உருட்டுகிற சத்தத்தில் தூக்கம் எங்கே வரும்?" என்றாள்!

2025-ஆம் ஆண்டு தை மாதத்தில் எடுத்த சீட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது. எழுத்துகள் கோணல் மாணலாக, பெரிது பெரிதாக இருந்தன.

"குரிஞ்சி".

எழுதியவர் அப்பத்தா. பள்ளிக்கூடம் போகாதவர். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது, இரவு நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவர்.

"அப்பத்தா, இதுக்குப் பெரிய 'ற' போடணும்" என்றாள் என் மகள்.

"அத்தனை பெரிய மலையிலே பூக்கிற பூவுக்குப் பெரிய 'ற' போட்டுட்டாப் போச்சு, கண்ணு. நீயே போட்டுடு" என்றார் அப்பத்தா.

குழந்தைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

ஆறு முறை தவறிய பூ

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். அது பூக்கும் ஆண்டில் மலைச்சரிவே நீலப் போர்வை போர்த்தியது போல இருக்கும்.

அது பூத்த ஆண்டுகளை அப்பத்தா விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

1958: அப்பத்தாவுக்கு வயது 11. அவருடைய தகப்பனார் மலை வாழைத்தார் கொண்டு வர மேலே போவார். "என்னையும் கூட்டிப் போங்க" என்று சிறுமி அழுதாள். அவர் கூட்டிப் போகவில்லை. ஒரு கொத்துப் பூவைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அது வாடிவிட்டது.

1970: கையில் குழந்தை. 1982: வயலில் நடவு. 1994: தாத்தா படுத்த படுக்கை. 2006: வீட்டில் பணம் இல்லை.

2018: அந்த ஆண்டுக்குக் காரணம் நான்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன்" என்று சொன்னேன். அலுவலக வேலை வந்தது. "அதற்கு அடுத்த ஞாயிறு" என்றேன். மழை வந்தது. இப்படியே ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. பூ முடிந்துவிட்டது. நவம்பரில் கஜா புயல் அடித்தது. மலையில் மரங்கள் சாய்ந்தன. அப்பத்தா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

இனி எப்போது பூக்கும்? 2030-இல்.

என் மகள் உடனே கணக்குப் போட்டாள். "எனக்கு 15 வயசு. தம்பிக்கு 11. அப்பத்தாவுக்கு 83" என்றாள். அதற்குப் பிறகு திண்ணையில் யாரும் பேசவில்லை.

"பூ இல்லாட்டியும் செடி இருக்குமல்லவா? செடியைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள் என் மனைவி.

பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடம்

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை. பழனியில் கோடைக்கானல் பஸ்ஸில் ஏறினோம். கட்டுச் சோறு, தண்ணீர்ச் செம்பு, எலுமிச்சம்பழம், அப்பத்தாவுக்குக் கம்பளி எல்லாம் கையில் இருந்தன.

சொந்தக் காரில் போகிறவர்கள் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்க வேண்டும். மலையில் நெரிசலைக் குறைக்க உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வளைவுகள் தொடங்கின. வாந்தி எடுப்பார் என்று அப்பத்தாவுக்காக எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். வாந்தி எடுத்தவன் என் மகன்! அப்பத்தாவோ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பள்ளத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, காது அடைக்கிறது. ஏன்?" என்றான் மகன்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காதுக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளப் பார்க்கிறது. எச்சில் விழுங்கினால் வழி திறந்து சரியாகிவிடும்.

"முறுக்குப் பொட்டலம் பலூன் மாதிரி ஆகிவிட்டதே?" என்றாள் மகள்.

அதற்கும் அதே காரணம்தான். பொட்டலம் கீழே மூடப்பட்டது. உள்ளே இருப்பது கீழ்க்காற்று. வெளியே அழுத்தம் குறைந்ததும் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. பொட்டலம் உப்புகிறது.

"சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம். பிறகு ஏன் குளிர்கிறது?"

சூரியன் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரையின் சூடுதான் காற்றுக்கு வருகிறது. உயரம் கூடக் கூடக் காற்று விரிந்து குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். பழனியைவிடக் கோடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம். பத்து டிகிரிக்கு மேல் குறையாமல் என்ன செய்யும்?

பெருமாள்மலை வந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் "குள்ளர் குகை" என்று சொல்லப்படும் கல் அறைகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல்; மேலே மூடியாக ஒரு பெரிய கல். உள்ளே குள்ளர்கள் வசித்தார்கள் என்பது கதை. உண்மையில் அவை பழங்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள்.

"அப்போ மலையிலே நமக்கு முன்னாலேயே ஆளுங்க இருந்திருக்காங்க" என்றார் அப்பத்தா.

குரங்கு அடித்த கொள்ளை

டீ குடிக்க பஸ் நின்றது. என் மனைவி கட்டுச் சோற்றுப் பையைத் திண்டின் மேல் வைத்தாள். ஒரு குரங்கு வந்தது. அவசரப்படவில்லை. பையைத் திறந்தது. தூக்குச் சட்டியை எடுத்து மூடியைத் திருகியது. புளிச்சோறு முழுவதும் போயிற்று!

மகன் அழுதான். அப்பத்தா சிரித்தார். "அது ஊருக்கு நாம வந்திருக்கோம். விருந்து நாமதானே வைக்கணும்" என்றார்.

இதற்கிடையே பஸ் கிளம்ப வெகுநேரம் ஆகிவிட்டது. கோடைக்கானல் போய்ச் சேரும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது. மாலையில் கடைசி பஸ்ஸுக்குள் திரும்ப வேண்டும். ஓர் இடம்தான் பார்க்க முடியும்.

இங்கேதான் சிக்கல். என் மகளுக்கு ஓர் ஆசை. கோடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கேதான் கண்டுபிடித்தார். இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படித்து வைத்திருந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சூரியன் அடுத்த தடவையும் இருக்கும் அப்பா. முதலில் குறிஞ்சிக்குப் போவோம்" என்றாள்.

பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது, 2018-இல் எனக்குத் தெரியவில்லை!

குறிஞ்சி ஆண்டவர் சந்நிதி

வாடகைக் கார் பிடித்தோம். வழியில் ஏரியைச் சுற்றிப் போனது வண்டி. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. "இதுவும் நம்ம ஊர் அணை மாதிரிதான்" என்றான் மகன்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் வந்தது. 1936-இல் இந்தக் கோயில் கட்டப்பட்டது. கட்டியவர் ஒரு வெள்ளைக்கார அம்மையார். இந்து சமயத்தில் சேர்ந்து லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டவர். ராமநாதன் என்பவரை மணந்தவர். கடல் கடந்து பிறந்த பெண் முருகனுக்குக் கோயில் கட்டினார் என்று கேட்டதும் அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமி கும்பிட்டுவிட்டுச் சரிவுப் பக்கம் நடந்தோம். ஒருவர் செடியைக் காட்டினார். இடுப்பளவு கூட இல்லாத ஒரு புதர். பச்சை இலைகள். ஒரு பூ இல்லை. ஒரு மொட்டு இல்லை.

இந்தச் செடிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு பூப்புத்தான். மலையில் இருக்கும் எல்லாச் செடிகளும் ஒரே பருவத்தில் சேர்ந்து பூக்கும். தேனீக்கள் மொய்க்கும். விதை விழும். தாய்ச்செடி காய்ந்து மடியும். ஒரே சமயத்தில் கோடி கோடியாக விதை விழுவதால், தின்கிற பூச்சியும் பறவையும் தின்று தீர்க்க முடியாது. மிச்சம் முளைக்கும். அடுத்த 12 ஆண்டுகள் அது வளர்ந்துகொண்டே காத்திருக்கும்.

பழனி மலையில் வாழும் பளியர் மக்கள் குறிஞ்சி பூத்த கணக்கை வைத்தே வயதைச் சொல்வது உண்டு. அந்தக் கணக்குப்படி என் அப்பத்தா ஆறு குறிஞ்சி கண்ட வயதுக்காரர். ஆனால் ஒன்றையும் காணாதவர்!

அப்பத்தா குனிந்து ஓர் இலையைத் தொட்டார். கிள்ளவில்லை. தடவிக் கொடுத்தார்.

"2018-லே நாம வராதபோது பூத்த பூவோட பிள்ளையா இது?" என்று கேட்டார்.

"ஆமாம், அப்பத்தா."

"அப்போ ஒண்ணும் போயிடலே" என்றார்.

என் கண்கள் கலங்கின. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேலிருந்து தெரிந்த ஊர்

கோயில் இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால், மேகம் இல்லாத நாளில் பழனி தெரியும். அன்று மேகம் விலகியிருந்தது. வெகு தூரத்தில், கீழே, சிறு கூழாங்கல் போலப் பழனி மலை தெரிந்தது.

"அப்பத்தா! நம்ம சாமி மலை!" என்று கத்தினான் மகன்.

அப்பத்தா கையைக் கூப்பினார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு எதையோ தேடினார்.

"என் வீடு எங்கே?" என்று கேட்டார்.

வீடு எங்கே தெரியப் போகிறது? "அதோ, அந்தப் பக்கம்" என்று பொதுவாகக் கையைக் காட்டினேன்.

"இத்தனை வருஷமா அடுப்படி ஜன்னல் வழியா இந்த மலையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் மலை என் வீட்டை எப்படிப் பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

இரவு பத்து மணிக்குப் பாலசமுத்திரம் வந்து சேர்ந்தோம். குழந்தைகள் தோளில் தூங்கிவிட்டார்கள்.

டப்பாவில் புதிய சீட்டு

மறுநாள் காலை, அப்பத்தா தாமாகவே டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒரு சீட்டு எழுதிப் போட்டார். என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"குறிஞ்சி 2030" என்று இருந்தது. இந்த முறை பெரிய 'ற'!

அதுவரை அப்பத்தா நலமாக இருக்க வேண்டும். குறிஞ்சியும் நலமாக இருக்க வேண்டும். அதற்கும் ஆபத்து இருக்கிறது. புல்வெளிகளில் தைலமரமும் சீகை மரமும் நட்டுவிட்டார்கள். கட்டடங்கள் பெருகிவிட்டன. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் 2024-இல் நீலக்குறிஞ்சியும் சேர்க்கப்பட்டது. அது பூக்கும் ஆண்டில் மலைக்குப் போகிறவர்கள் ஒரு கொத்துக் கூடப் பறிக்கக் கூடாது. பறித்துக் கீழே கொண்டு வந்தால் என்ன ஆகும்? 1958-இல் துண்டில் சுற்றி வந்த பூவைக் கேட்டால் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தா இருப்பார். ஓர் ஆத்தா இருப்பார். ஒரு தாத்தா இருப்பார். அவர்களுக்கும் ஓர் ஆசை இருக்கும். பெரும்பாலும் அது சின்ன ஆசைதான். பக்கத்து ஊர்த் திருவிழாவாக இருக்கலாம். பிறந்த வீட்டுக் கிணற்றடியாக இருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்றே கேளுங்கள். "அடுத்த ஞாயிறு" என்று மட்டும் சொல்லாதீர்கள்!