நோய் தரும் ஈஸ்ட்டுகளில் குரோமோசோம் எண்ணிக்கை மாற்றம்

மருந்து முதலிய நெருக்கடிகள் நேரும்போது, நோய் தரும் சில ஈஸ்ட் செல்கள் ஒரு குரோமோசோமையோ அதன் பகுதியையோ கூடுதலாகப் பெற்று அல்லது இழந்து பிழைத்துக்கொள்கின்றன. முழுத் தொகுதியும் பெருகாமல் ஓரிரு குரோமோசோம்களின் எண்ணிக்கை மட்டும் மாறும் இந்நிலை மெய்யிலா மடியம் எனப்படும். மனிதரில் 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்தால் டவுன் நோய்க்கூட்டறிகுறி உண்டாகிறது. ஈஸ்ட்டுக்கோ இத்தகைய பிழை சில வேளைகளில் உயிர் காக்கும் வழியாகிறது.

காண்டிடா அல்பிகன்ஸ்

இந்த ஈஸ்ட்டில் 8 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. பலரின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் இரத்தத்தில் கலந்தால் உயிரைப் பறிக்கக்கூடியது. இதற்குத் தரப்படும் ஃபுளுகோனசோல், செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீராலை உருவாக்கும் நொதி ஒன்றை முடக்குகிறது.

2006இல் அன்னா செல்மெக்கி, அஞ்சா ஃபோர்கே, ஜூடித் பெர்மன் ஆகியோர், இம்மருந்துக்குப் பணியாத பல வகைகளில் 5ஆம் குரோமோசோமின் இடக்கை மிகுந்திருப்பதைக் கண்டனர். இரண்டு இடக்கைகள் ஒட்டிய ஐசோகுரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தது. வழக்கமான இரண்டுடன் சேர்த்து இடக்கை மரபணுக்கள் நான்கு படிகளாகிவிடுகின்றன. மருந்து தாக்கும் நொதிக்குரிய ஈஆர்ஜி11 மரபணு அங்கேதான் இருக்கிறது. மருந்தை வெளியேற்றும் புரதப் பம்புகளை முடுக்கும் டிஏசி1 மரபணுவும் அதே கையில்தான். ஆகவே ஒரே பிழையில் இலக்கும் பெருகுகிறது, மருந்தும் வெளியே தள்ளப்படுகிறது. ஐசோகுரோமோசோமை இழந்த செல்கள் எதிர்ப்பையும் இழந்தன.

மருந்தே செல் பகுப்பைக் குழப்புவதும் உண்டு. தாய், மகள், பேத்தி என மூன்று செல்கள் பிரியாமல் ஒட்டி நிற்பதும், அதன்பின் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படுவதும் 2014இல் விவரிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலான பங்கீடுகள் பயனற்றவை. ஏதோ ஒன்று பொருந்திவிட்டால் போதும். சாதகமான திடீர் மாற்றத்துக்குக் காத்திருப்பதைவிட இது விரைவான வழி.

நெருக்கடி மருந்தாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சோர்போஸ் என்னும் சர்க்கரை மட்டுமே கிடைக்கும்போது, 5ஆம் குரோமோசோமில் ஒன்றை இழந்த செல்களே வளர்கின்றன.

விலையும் விளைவும்

கூடுதல் குரோமோசோமில் உள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களும் சேர்ந்தே புரதம் உண்டாக்குவதால் செல்லுக்குச் சுமை கூடும். மருந்து இல்லாத இடத்தில் இச்செல்கள் பொதுவாக மெதுவாக வளரும். மிகுந்த படியை இழந்தவை முந்திவிடும்.

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸில் இதன் ஆபத்து தெளிவாகத் தெரியும். 14 குரோமோசோம்கள் கொண்ட ஒற்றைமய ஈஸ்ட் இது. ஃபுளுகோனசோல் மிகும்போது 1ஆம் குரோமோசோமை இரட்டித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் மருந்தில்லா ஊடகத்தில் வளர்த்தால் இரட்டிப்பு மறைந்து, சோதனையில் மருந்துக்கு அடங்கும் கிருமியாகவே தோன்றக்கூடும். தான்சானியா நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஃபுளுகோனசோலை மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய செல்கள் பெருகின. ஃபுளுசைட்டோசினையும் சேர்த்துத் தந்தபோது அப்பெருக்கம் அடங்கியது.